கணக்கில் எங்கிருந்து தொடங்குவது?

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் 'பிளேஸ்மென்ட்' என்ற சொல்லைக் கேட்டால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கேம்பஸ் இன்டர்வியூதான். கடைசி வருடம், இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் டை, கையில் ஆஃபர் லெட்டர். அமெரிக்காவில் இதே சொல் மாணவரைக் கல்லூரி வாசலிலேயே பிடித்துக்கொள்கிறது. பொறியியல் படிக்க வருகிறவர் முதல் செமஸ்டரில் எந்தக் கணித வகுப்பில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்வதற்குத்தான் அங்கே பிளேஸ்மென்ட் என்று பெயர்.

இங்கே அந்தக் கேள்வியே எழுவதில்லை. பிளஸ் டூ கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவரும் அறுபது வாங்கியவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே முதல் செமஸ்டர் பேப்பரை எழுதுவார்கள். அமெரிக்காவில் ஒரே நாளில், ஒரே கல்லூரியில், ஒரே மெக்கானிக்கல் பிரிவில் சேரும் மூன்று பேர் மூன்று வகுப்புகளுக்குப் போகலாம். ஒருவர் இயற்கணிதமும் திரிகோணமிதியும் திரும்பச் சொல்லித்தரும் ப்ரீ-கால்குலஸ் வகுப்புக்கு. இன்னொருவர் கால்குலஸ் முதல் பாகத்துக்கு. மூன்றாமவர் இரண்டு பாகங்களையும் பள்ளியிலேயே முடித்துவிட்டு நேராக மூன்றாம் பாகத்துக்கு.

பார்ப்பதற்கு இது சாதாரண டைம்டேபிள் விஷயம். ஆனால் படிப்பு நான்கு வருடத்தில் முடியுமா ஐந்தாகுமா, கூடுதலாக எவ்வளவு கடன் வாங்க வேண்டும், அந்த மாணவர் பொறியியலிலேயே நிலைப்பாரா என்பதெல்லாம் பல சமயம் இந்த ஒரு முடிவில்தான் தொங்குகிறது.

இதில் குழப்பம் எங்கே வருகிறது என்றால், இரண்டு தனித்தனிக் கேள்விகளை அங்கே ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். 'இந்த மாணவர் இதுவரை என்ன படித்திருக்கிறார்?' என்பது ஒன்று. அதற்கான பதில்தான் கிரெடிட். 'அடுத்த வகுப்பு இவருக்குத் தாங்குமா?' என்பது இன்னொன்று. அதற்கான பதில்தான் பிளேஸ்மென்ட். முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலையே இரண்டாவதற்கும் பதிலாக எடுத்துக்கொள்வதால் முன்னால் இருப்பவரும் அடிபடுகிறார், பின்னால் இருப்பவரும் அடிபடுகிறார்.

ஏணியின் படிகள்

அமெரிக்கப் பொறியியல் கல்லூரிகளில் கணித ஏணி ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான். முதல் பாகத்தில் எல்லை, வகையீடு, தொகையீட்டின் தொடக்கம். இரண்டாம் பாகத்தில் தொகையிடும் முறைகள், முடிவிலித் தொடர்கள். மூன்றாம் பாகத்தில் பல மாறிகள் கொண்ட சார்புகளும் வெக்டரும். அதற்குப் பிறகு வகைக்கெழுச் சமன்பாடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு செமஸ்டர் என்றால் மொத்தம் இரண்டு வருடம். பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஏபெட் அமைப்பு, கல்லூரித் தரத்திலான கணிதமும் அடிப்படை அறிவியலும் சேர்ந்து குறைந்தது 30 செமஸ்டர் கிரெடிட் இருக்க வேண்டும் என்கிறது. எனவே எந்தக் கல்லூரியும் இதைச் சுருக்கிவிட முடியாது.

மற்ற பாடங்கள் எல்லாம் இந்த ஏணியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகின்றன. இயற்பியலுக்கு முதல் கால்குலஸ் வேண்டும். நிலையியலுக்கு அந்த இயற்பியல் வேண்டும். இயக்கவியலுக்கும் பொருள்களின் வலிமைக்கும் நிலையியல் வேண்டும். மின்சுற்று, சிக்னல், கண்ட்ரோல் போன்ற பாடங்களுக்கு வகைக்கெழுச் சமன்பாடு வேண்டும். ஆக, ப்ரீ-கால்குலஸில் தொடங்குகிற மாணவர் கணக்கில் மட்டும் ஒரு செமஸ்டர் பின்தங்குவதில்லை. எல்லாவற்றிலும் பின்தங்குகிறார். சில பாடங்களை வருடத்துக்கு ஒரு முறைதான் நடத்துவார்கள். அதைத் தவறவிட்டால் ஒரு செமஸ்டர் தாமதம் ஒரு வருடத் தாமதமாகிவிடும்.

பள்ளியில் வாங்கும் கிரெடிட்

மேலே இருப்பவர்களிடமிருந்து தொடங்கலாம். இவர்களுக்கு வழி திறந்துவிடுவது 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்ற திட்டம். ஃபோர்டு ஃபவுண்டேஷன் பண உதவியோடு 1950-களின் தொடக்கத்தில் முளைத்து, 1950-களின் நடுவிலேயே காலேஜ் போர்டு என்ற அமைப்பின் கைக்கு வந்தது. கல்லூரி முதல் வருடப் பாடத்தைப் பள்ளியிலேயே படிப்பது, மே மாதம் நாடு முழுக்க ஒரே தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். இவ்வளவுதான் திட்டம். இன்று ஒரு தேர்வுக்கு ஏறக்குறைய 100 டாலர் கட்டணம்.

கால்குலஸில் இரண்டு தேர்வுகள் உண்டு. 'ஏபி' என்பது கல்லூரியின் ஒரு செமஸ்டருக்குச் சமம். 'பிசி' என்பது இரண்டு செமஸ்டருக்குச் சமம். தொடர்களும், போலார் ஆயங்களும், பகுதித் தொகையிடலும் பிசியில்தான் வரும். இந்தப் பிரிவு 1969-லிருந்து இருக்கிறது.

கல்லூரிகள் இந்த மதிப்பெண்ணை என்ன செய்கின்றன என்பதில்தான் வேடிக்கை. எம்.ஐ.டி. பிசி தேர்வில் 5 வாங்கினால் மட்டும் தன் முதல் கால்குலஸ் பாடத்துக்கு கிரெடிட் தருகிறது. ஏபி தேர்வில் 5 வாங்கினாலும் அங்கே ஒன்றும் கிடையாது. கால்டெக் எந்த மதிப்பெண்ணுக்கும் கிரெடிட் தருவதில்லை. அங்கே முதல் வருடக் கால்குலஸே நிரூபணங்களோடு நடக்கும் என்பதால், தானே ஒரு தேர்வு வைத்துப் பார்த்துக்கொள்கிறது. மறுபக்கம் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 2016-17 கல்வியாண்டு முதல், அரசுப் பல்கலைக்கழகங்கள் 3 வாங்கினாலே கிரெடிட் தர வேண்டும் என்று சட்டம். டெக்சாஸும் 2015-ல் ஏறக்குறைய இதே போன்ற சட்டம் கொண்டுவந்தது.

ஒரே மாணவர், ஒரே தேர்வு, ஒரே மதிப்பெண். ஒரு ஊரில் அது ஒரு செமஸ்டர். இன்னொரு ஊரில் அது வெறும் காகிதம். சட்டசபை கிரெடிட்டைக் கொடுக்கச் சொல்லலாம். அந்த மாணவர் அடுத்த வகுப்பில் தேறுவார் என்று எந்தச் சட்டசபையும் உத்தரவாதம் தர முடியாது.

தாண்டலாமா, கூடாதா?

ஜூன், ஜூலை மாதங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளில் நடக்கும் விவாதம் இது. 'கிரெடிட் கிடைத்திருக்கிறது, எடுத்துக்கொண்டு மேலே போ' என்பார் அப்பா. பணம் மிச்சம். 'அடித்தளம் முக்கியம், திரும்ப ஒரு முறை படி, சுலபமாக ஏ வாங்கலாம்' என்பார் சீனியர் ஒருவர். இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டிலும் ஓட்டையும் இருக்கிறது.

முதலில் 5 என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். கேட்பதற்கு முழு மதிப்பெண் மாதிரி இருக்கும். ஆனால் காலேஜ் போர்டு வெளியிட்ட பழைய வினாத்தாள்களைப் பார்த்தால், மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எடுத்தாலே 5 வந்துவிடுகிறது. பிசி எழுதுகிறவர்களில் சாதாரணமாகப் பத்தில் நான்கு பேருக்கு மேல் 5 வாங்குகிறார்கள். ஏபியில் ஐந்தில் ஒருவர். பிசி சுலபம் என்பதல்ல இதற்குக் காரணம். அந்த வகுப்புக்குப் போகிறவர்களே ஏற்கெனவே வடிகட்டப்பட்டவர்கள். எப்படியிருந்தாலும், விட்டுப்போன மூன்றில் ஒரு பங்கு எந்தப் பாடம் என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது. தொடர்கள் ஒன்றுமே புரியாதவரும் 5 வாங்கியிருக்கலாம். அங்கங்கே கவனக்குறைவாகத் தப்பு செய்தவரும் 5 வாங்கியிருக்கலாம். அடுத்த வகுப்பில் இவர்கள் இருவர் கதையும் ஒன்றாக இருக்காது.

அடுத்தது காலம். தேர்வு மே மாதம். கல்லூரி தொடங்குவது ஆகஸ்ட் கடைசியில். இடையில் மூன்றரை மாதம் பேனாவைத் தொடாதவர்கள் உண்டு. பதினோராம் வகுப்பிலேயே தேர்வை முடித்துவிட்டு, பன்னிரண்டில் புள்ளியியல் எடுத்துக்கொண்டவருக்கு இடைவெளி ஒரு வருடத்துக்கும் மேல். மதிப்பெண் மறக்காது. மனிதர் மறப்பார். இன்னொன்றும் உண்டு. பள்ளித் தேர்வின் சில பகுதிகளுக்கு கிராஃபிங் கால்குலேட்டர் அனுமதி. பல கல்லூரிகளின் கால்குலஸ் தேர்வுகளில் அது கிடையாது.

சரி, அப்படியென்றால் எல்லோரும் திரும்பப் படிப்பதுதான் நல்லதா? அதுவும் இல்லை. தெரிந்த பாடத்தையே மறுபடி கேட்கிறவர் முதல் ஆறு வாரம் வகுப்புக்கே போகமாட்டார். ஹோம்வொர்க்கைக் கடைசி நிமிடத்தில் முடிப்பார். ஏழாவது வாரத்தில் தெரியாத பாடம் வரும்போது படிக்கும் பழக்கமே விட்டுப்போயிருக்கும். சுலபமான ஏ என்று நினைத்தது பி ஆகும், சி கூட ஆகும்.

அவர் பக்கத்து நாற்காலியில் இருப்பவரையும் பார்க்க வேண்டும். மேத்தமேட்டிகல் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா 2010-ல் நாடு தழுவி நடத்திய ஆய்வில், கல்லூரியில் கால்குலஸ் முதல் பாகம் படிப்பவர்களில் பெரும்பாலோர் அதைப் பள்ளியில் ஏற்கெனவே ஒரு முறை படித்தவர்கள் என்று தெரியவந்தது. வகையீட்டை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்க்கிற மாணவி அந்த வகுப்பில் சிறுபான்மை. எல்லோரும் தலையாட்டுகிறார்கள், தனக்கு மட்டும்தான் மூளை இல்லை என்று அவள் முடிவு கட்டிவிடுகிறாள். உண்மையில் மற்றவர்கள் இரண்டாவது முறையாகக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். இதை அவளுக்கு யாரும் சொல்வதில்லை.

ஹார்வர்டைச் சேர்ந்த ஃபிலிப் சாட்லரும் கெர்ஹார்ட் சோனர்ட்டும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்தில் முக்கியமானது. கல்லூரிக் கால்குலஸில் ஒருவர் எப்படிச் செய்கிறார் என்பதில், பள்ளியில் கால்குலஸ் படித்தாரா என்பதைவிட, இயற்கணிதம், வடிவியல், ப்ரீ-கால்குலஸ் ஆகியவற்றில் எவ்வளவு தேர்ச்சி பெற்றிருந்தார் என்பதன் தாக்கம் இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். கால்குலஸ் சொல்லித்தருகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மாணவர்கள் சங்கிலி விதியில் தடுக்கி விழுவதில்லை. அதற்குப் பிறகு வரும் பின்னத்தைச் சுருக்கும்போதும், மடக்கையைப் பிரிக்கும்போதும்தான் விழுகிறார்கள்.

அப்படியானால் முடிவெடுப்பது எப்படி? இருப்பதிலேயே நேர்மையான வழி செலவில்லாததும்கூட. எந்தப் பாடத்தைத் தாண்டப் பார்க்கிறாரோ, அந்தப் பாடத்தின் பழைய இறுதித் தேர்வுத்தாளை, சேரப்போகும் கல்லூரியிலிருந்தே வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு எழுதிப் பார்ப்பது. கால்குலேட்டர் கூடாது, புத்தகம் கூடாது, போன் வேறு அறையில். அந்தக் கல்லூரியின் தாள் கிடைக்கவில்லை என்றால் எம்.ஐ.டி.யின் ஓப்பன்கோர்ஸ்வேர் இருக்கிறது. 2001-ல் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் கால்குலஸ் பாடங்களும் தேர்வுகளும் விடைகளும் உலகத்தில் எவருக்கும் இலவசம். நிதானமாக எழுதி நல்ல மதிப்பெண் வந்தால் தைரியமாகத் தாண்டலாம். ஒரே ஒரு பகுதி மட்டும் ஓட்டை என்றால் கோடை விடுமுறையில் அடைத்துக்கொண்டு தாண்டலாம். பாதிக்கு மேல் வெள்ளைத்தாளாக இருந்தால், கிரெடிட் கையில் இருந்தாலும் உட்கார்ந்து படிப்பதே புத்திசாலித்தனம். இந்த மூன்று மணி நேரம் சொல்வதை 5 என்ற எண் சொல்லாது.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கால்குலஸ் கிரெடிட்டால் பொறியியல் படிப்பு மூன்று வருடத்தில் முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோவார்கள். கணக்குக்கு வெளியே இருக்கும் பாடங்களும் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் வரும். கிரெடிட் தரும் உண்மையான லாபம் மூச்சு விட இடம். ஒரு செமஸ்டரில் ஐந்து கடினமான பாடத்துக்குப் பதில் நான்கு. அல்லது விருப்பமான ஒரு பாடம். அதுவும் சின்ன லாபம் இல்லை. ஆனால் அதற்காகத் தெரியாத கணக்கைத் தாண்டினால், அந்த இடத்தை இரண்டாம் வருடத்தில் ஃபெயிலான பாடம் வந்து நிரப்பிக்கொள்ளும்.

கீழ்ப்படியில் நிற்பவர்கள்

மேலே சொன்னதெல்லாம் கொடுத்துவைத்தவர்களின் பிரச்சினை. அமெரிக்கக் கல்வித்துறை 2015-16-ல் திரட்டிய கணக்குப்படி, உயர்நிலைப் பள்ளிகளில் பாதியில்தான் கால்குலஸ் பாடமே இருந்தது. கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் அதிகமாகப் படிக்கும் பள்ளிகளை மட்டும் எடுத்தால் அது 38 சதவீதம். அதாவது 'இதுவரை என்ன படித்தார்?' என்ற கேள்விக்கான பதில், பல பேருக்கு, வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

இவர்களுக்கு வைக்கப்படுவது பிளேஸ்மென்ட் டெஸ்ட். கம்யூனிட்டி கல்லூரிகளில் பல வருடம் அக்யூபிளேசர், கம்பாஸ் என்ற இரண்டு கம்ப்யூட்டர் தேர்வுகள் கோலோச்சின. பல இடங்களில் முன்தயாரிப்பு இல்லாமல், சேரும் நாளன்று உட்கார்ந்து எழுதும் தேர்வு. அதில் தடுமாறினால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கிரெடிட் இல்லாத ரெமெடியல் வகுப்புகள். காசு கொடுத்துப் படிக்க வேண்டும், பட்டத்தில் கணக்கில் வராது. அந்த வரிசையில் நுழைந்தவர்களில் பலர் கால்குலஸ் வாசலைப் பார்க்காமலே திரும்பிப்போனார்கள்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூடித் ஸ்காட்-கிளேட்டனும் உடன் ஆய்வாளர்களும் இந்தத் தேர்வுகளைத் தோண்டிப் பார்த்தார்கள். கணிதத் தேர்வு எழுதியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மோசமாக இடம் மாற்றி உட்காரவைக்கப்பட்டிருக்கிறார் என்பது அவர்களின் முடிவு. அதிலும், மேலே இருக்க வேண்டியவரைக் கீழே தள்ளிய தவறே அதிகம். பள்ளியில் நான்கு வருடம் வாங்கிய மதிப்பெண்கள் இந்தத் தேர்வைவிட நன்றாக வழிகாட்டின. 2016-ல் கம்பாஸ் தேர்வை அதை நடத்திய நிறுவனமே நிறுத்திவிட்டது. கலிஃபோர்னியா 2017-ல் அசெம்பிளி மசோதா 705 என்ற சட்டத்தின் மூலம், கம்யூனிட்டி கல்லூரிகள் பள்ளி மதிப்பெண்ணை வைத்தே இடம் தர வேண்டும் என்றது. 2022-ல் வந்த 1705 அதை இன்னும் இறுக்கி, அறிவியல், பொறியியல் மாணவர்களைப் பெரும்பாலும் நேராகக் கால்குலஸுக்கே அனுப்பச் சொன்னது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் சுபம் போட்டிருக்கலாம். ஆனால் அதே கலிஃபோர்னியாவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து ஆசிரியர் குழு ஒன்று 2025 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. உயர்நிலைப் பள்ளித் தரத்துக்கும் கீழே கணிதத் திறன் உள்ள புதிய மாணவர்களின் எண்ணிக்கை 2020-க்கும் 2025-க்கும் இடையில் ஏறக்குறைய முப்பது மடங்கு கூடியிருக்கிறது என்றது அது. அவர்களில் பலர் பள்ளிக் கணக்கில் நல்ல கிரேடு வாங்கியவர்கள். கோவிட் காலத்துப் படிப்பு, தாராளமாக அள்ளிக்கொடுத்த பள்ளி மதிப்பெண், எஸ்.ஏ.டி. தேர்வைக் கைவிட்டது என்று பல காரணங்களை அந்த அறிக்கை அடுக்கியது. பள்ளி மதிப்பெண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இது எச்சரிக்கை. பின்னங்களைக் கூட்டத் தடுமாறும் மாணவரைக் கால்குலஸ் வகுப்பில் உட்காரவைப்பது சமத்துவம் ஆகாது. அது அவரைச் சத்தமில்லாமல் வெளியேற்றும் இன்னொரு வழி.

ஆக, ஒரே தேர்வை நம்பினாலும் தப்பு, ஒரே மதிப்பெண் பட்டியலை நம்பினாலும் தப்பு. இன்று நிறையப் பல்கலைக்கழகங்கள் அலெக்ஸ் என்ற தேர்வைப் பயன்படுத்துகின்றன. கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில், ஜான்-குளோட் ஃபால்மான் என்ற கணித உளவியலாளரின் ஆய்விலிருந்து பிறந்தது அது. அதிகபட்சம் 30 கேள்விகள். ஒவ்வொரு விடைக்கும் ஏற்ப அடுத்த கேள்வி மாறும். எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துக் காட்டும். தெரியாததைப் படித்துவிட்டுத் திரும்பவும் எழுதலாம். பழைய தேர்வுகளைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பல இடங்களில் வீட்டிலிருந்தே எழுதுகிறார்கள். கேள்வியைப் போட்டோ எடுத்தால் போனே விடை சொல்லும் காலத்தில், வீட்டில் எழுதிய தேர்வால் ஏமாறுகிறவர் பேராசிரியர் இல்லை. அடுத்த செமஸ்டரில் அந்த நாற்காலியில் உட்காரப்போகிற மாணவர்தான்.

ஓஹையோவில் ஒரு முயற்சி

ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் ஊருக்குப் பக்கத்தில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கிறது. விமானம் கண்ட ரைட் சகோதரர்களின் ஊர். அங்கே 2004-ல் நேதன் கிளிங்பெயில் என்ற பொறியியல் பேராசிரியரும் சக ஆசிரியர்களும் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். நிலையியல் படிக்க முழுக் கால்குலஸ் வரிசையும் உண்மையிலேயே வேண்டுமா? இரண்டாம் வருடப் பாடங்களில் நிஜமாகப் பயன்படும் கணக்கு எவ்வளவு?

அதை மட்டும் எடுத்து முதல் வருடத்தில் ஒரு பாடமாக்கினார்கள். நடத்துவது கணிதத் துறை இல்லை, பொறியியல் துறை. திரிகோணமிதி ரோபோவின் கை மூலம் வருகிறது. வகைக்கெழு மேலே எறிந்த பந்தின் வேகமாக வருகிறது. கூடவே லேப், கூடவே மேட்லேப். இந்தப் பாடத்தைத் தேறியவர், கால்குலஸ் வரிசையை முடிக்காமலே இரண்டாம் வருடப் பொறியியல் பாடங்களுக்குப் போகலாம். கால்குலஸை விட்டுவிடவில்லை. அதைப் பின்னால் தள்ளிவைத்தார்கள், அது எதற்கு என்று தெரிந்த பிறகு படிப்பதற்காக. தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுத்தது, பல கல்லூரிகள் பின்பற்றின. கணக்கில் பலவீனமாக வந்தவர்கள் பொறியியலில் நிலைத்திருக்க இது உதவியது.

இது எல்லா நோய்க்கும் மருந்து இல்லை. ஆனால் ஒன்றைக் காட்டியது. தடையாக நின்றது மாணவரின் மூளை மட்டுமில்லை, பாடங்களைக் கோத்திருந்த வரிசையும்தான்.

என்ன செய்யலாம்?

முதலாவது, கிரெடிட்டையும் இடத்தையும் பிரிக்க வேண்டும். பல கல்லூரிகளில், கிரெடிட் கிடைத்த பாடத்தையே திரும்பப் படித்தால் அந்தக் கிரெடிட் போய்விடும். ஒரே பாடத்துக்கு இரண்டு முறை கிரெடிட் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் பயத்தில் தாண்டுகிறவர்களை உருவாக்குவதும் இந்த விதிதான். செமஸ்டரின் முதல் மூன்று வாரம் மேலும் கீழும் மாற இடம் கொடுத்து, அதற்குப் பிறகு கிரெடிட்டை முடிவு செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகளும் நடந்தால் மாறுவது பக்கத்து அறைக்குப் போவது போலத்தான்.

இரண்டாவது, ஒவ்வொரு கணிதத் துறையும் தன் பழைய இறுதித் தேர்வுத்தாள்களை, விடைகளோடு, சேரப்போகும் மாணவர்களுக்கு ஏப்ரல் மாதமே கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை.

மூன்றாவது, கொஞ்சம் குறைவாகத் தெரிந்தவருக்கு முழு செமஸ்டர் ப்ரீ-கால்குலஸ் தண்டனை வேண்டாம். கால்குலஸிலேயே உட்காரவைத்து, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக இயற்கணிதம் சொல்லித்தரலாம். நிறையத் தெரியாதவரிடம் அதை நேராகச் சொல்லி, கோடையிலேயே தொடங்கவைக்கலாம். அவருக்காக ரைட் ஸ்டேட் மாதிரி ஒரு வழியும் திறந்திருக்க வேண்டும்.

நான்காவது, பிளேஸ்மென்ட் தேர்வைக் கண்காணிப்போடு நடத்த வேண்டும். அதோடு பள்ளி மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால், ஒரு ஆசிரியர் அந்த மாணவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். ஆயிரம் மாணவர்கள் சேரும் இடத்தில் முரண்படுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தப் பத்து நிமிடம் ஒருவருக்கு ஒரு வருடத்தை மிச்சப்படுத்தும்.

தமிழ்நாட்டிலிருந்து இளநிலைப் படிப்புக்கே அமெரிக்கா போகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பிளஸ் டூ கணக்கில் அணிகளும், கலப்பெண்களும், வெக்டரும், தொகையீடும், வகைக்கெழுச் சமன்பாடும் இருந்தும், பல பல்கலைக்கழகங்கள் அதற்குத் தானாக கிரெடிட் தருவதில்லை. கேட்டால்தான் கிடைக்கும். எம்.ஐ.டி.யில் இருப்பது போல, பாடத்தை எடுக்காமலே அதன் தேர்வை மட்டும் எழுதித் தேறும் வழி சில இடங்களில் உண்டு. பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணிதத் துறையிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூடவே இன்னொரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புக் பேக் கணக்குகளை மனப்பாடம் செய்து நூறு வாங்கியவருக்கும் 5 வாங்கிய அமெரிக்க மாணவருக்கும் ஒரே சிக்கல்தான். அந்த எண் கடந்த வருடத்தைப் பற்றியது.

ஆகஸ்ட் கடைசியில் முதல் நாள் வகுப்பு. கரும்பலகையில் பேராசிரியர் முதல் கணக்கை எழுதுகிறார். அந்த அறையில் இருக்கும் மாணவருக்கு அந்தக் கணக்கு கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் முயன்றால் முடிகிற கஷ்டமாக இருக்க வேண்டும். கிரெடிட், டெஸ்ட், சட்டம், மதிப்பெண் எல்லாம் அதற்காகத்தான். அது நடக்கவில்லை என்றால், மாணவரைக் குறை சொல்வதற்கு முன்னால், அவரை அந்த அறைக்கு அனுப்பிய முறையைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பது நல்லது.